ஒரு கம்யூனிஸ்ட் சட்டமன்றத்துக்கு ஏன் போனார்? என். சங்கரய்யாவின் வாழ்க்கை வழியாக ஓர் அறிமுகம்

2023 நவம்பர் 15 அன்று சென்னையில் என். சங்கரய்யா தம் 102-ஆவது வயதில் காலமானார். தமிழ்நாட்டு அரசு அவரை அரசு மரியாதையுடன் வழியனுப்பியது. அவர் அமைச்சராக இருந்தவர் அல்லர். நாடாளுமன்றத்துக்குப் போனவரும் அல்லர். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர், அவ்வளவுதான். சிங்கப்பூரில் படித்து வளர்ந்த தமிழ் இளையர் ஒருவர் இந்தச் செய்தியைப் படித்துச் சற்றுத் திகைத்திருந்தால் அதில் வியப்பில்லை. நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் கம்யூனிஸ்ட் மலாயாக் காட்டுக்குள் துப்பாக்கியுடன் சென்றவர். அல்லது 1950களில் தொழிற்சங்கங்களுக்குள்ளும் சீனப் பள்ளிகளுக்குள்ளும் ஊடுருவியவர் என்று சொல்லப்பட்டவர். 1948 ஜூன் மாதம் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, அடுத்த மாதமே மலாயா கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்ட பிறகு, அந்தப் பெயரில் சட்டபூர்வமாக அரசியல் நடத்தும் வாய்ப்பே இங்கு இருந்ததில்லை. தெருத்தெருவாக வாக்குக் கேட்டு, வென்று, சட்டமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தின் மீது பேசுகிற கம்யூனிஸ்ட்டை நாம் கண்டதில்லை.

இந்தியாவில் அப்படிப்பட்டவர்கள் பலர். கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு 1957-இல் முதலமைச்சரானார். மேற்கு வங்கத்தில் ஜோதி பாசு 1977 முதல் 2000 வரை இடைவிடாமல் முதலமைச்சராக இருந்தார். இவர்களுடன் ஒப்பிட்டால் சங்கரய்யா வகித்த பதவிகள் மிகச் சிறியவை. ஆனாலும் இந்தியக் கம்யூனிஸ்ட் அரசியல்வாதி என்பவர் யார் என்று புதிதாக அறிய விரும்புவோருக்கு அவருடைய வாழ்க்கையே நல்ல வாசல் என்பது என் கருத்து. எண்பது ஆண்டுகளைத் தாண்டிய அவருடைய பொதுவாழ்வில் சட்டமன்ற உறுப்பினராக இருந்த காலம் ஏறத்தாழ பத்துப் பதினோரு ஆண்டுகள். சிறையில் எட்டு ஆண்டுகள், தலைமறைவில் மூன்று ஆண்டுகள் என்று பார்த்தால் அதுவும் ஏறத்தாழ அதே அளவு. எஞ்சிய அறுபது ஆண்டுகள் எங்கே கழிந்தன என்று கேட்டுப் பார்த்தால், சட்டமன்றத்தைப் பற்றிய அந்த இயக்கத்தின் பார்வையும் சேர்ந்தே விளங்கிவிடும்.

முதலில் கொள்கையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நிலம், ஆலை, சுரங்கம், வங்கி போன்ற உற்பத்திக்கான வளங்கள் சிலருடைய உடைமையாக இருக்கும்வரை, உழைப்பால் விளையும் செல்வத்தின் பெரும்பகுதி அவர்களிடமே சேரும் என்பதும், அரசு என்பது இந்த உடைமை ஏற்பாட்டைக் காக்கும் கருவியாகவே இயங்குகிறது என்பதும் காரல் மார்க்ஸ் வகுத்த சிந்தனையின் சாரம். அந்த ஏற்பாட்டை உழைப்பவர்களே தங்கள் அமைப்புகளின் மூலம் மாற்றியமைக்க வேண்டும் என்பது அதிலிருந்து பிறக்கும் அரசியல். இங்கேயே ஒரு சிக்கல் எழுகிறது. அரசே உடைமையாளர்களின் கருவி என்றால், அந்த அரசின் ஓர் உறுப்பான சட்டமன்றத்தில் கம்யூனிஸ்ட்டுக்கு என்ன வேலை? இந்தியக் கம்யூனிஸ்ட்டுகள் இந்தக் கேள்விக்குக் கால் நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடினார்கள், தடுமாறினார்கள், இரண்டாகவும் பிறகு மூன்றாகவும் பிரிந்தார்கள். அந்தத் தடுமாற்றம் முழுவதையும் சங்கரய்யா உள்ளிருந்தே பார்த்தார்.

தேர்வெழுதாத மாணவர்

கோவில்பட்டியில் 1922 ஜூலை 15 அன்று அவர் பிறந்தார். முதலில் வைத்த பெயர் பிரதாபச்சந்திரன். தம் பெயரையே பேரனுக்கு வைக்க வேண்டும் என்று தாத்தா சங்கரய்யா உண்ணாமல் அடம்பிடித்ததால் பெயர் மாறியது என்பது குடும்பத்தில் சொல்லப்படும் கதை. பிற்காலத்தில் சிறையில் உண்ணாநிலைப் போராட்டம் நடத்திய ஒருவருக்கு இப்படி ஒரு தாத்தா வாய்த்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வரலாறு படித்தார். மாணவர் சங்கப் பொறுப்பில் இருந்தபடியே 1940-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அப்போது அது சட்டவிரோதக் கட்சி. கட்சியின் தொடக்கம் எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1920-இல் தாஷ்கண்டில் கூடியதிலிருந்து மார்க்சிஸ்ட் கட்சி கணக்கிடுகிறது. 1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த மாநாட்டிலிருந்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி கணக்கிடுகிறது. அந்தக் கான்பூர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சென்னையைச் சேர்ந்த ம. சிங்காரவேலர். இந்தியாவில் முதன்முதலாக 1923-இல் மே தினம் கொண்டாடியவரும் அவரே. எனவே தமிழருக்கு இந்த இயக்கம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று அன்று. தொடக்கத்திலேயே அவர்களும் அதில் இருந்தார்கள்.

1941 பிப்ரவரியில், பட்டப்படிப்பின் இறுதித் தேர்வுக்கு இரண்டு வாரங்களே இருந்த நிலையில், சங்கரய்யா கைதானார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீதான அடக்குமுறையைக் கண்டித்துத் துண்டறிக்கை வெளியிட்டது அவர் செய்த குற்றம். தேர்வை அவர் எழுதவே இல்லை, பட்டமும் பெறவில்லை. சுமார் பதினெட்டு மாதங்கள் வேலூரிலும் ராஜமுந்திரியிலும் சிறையில் இருந்தார். அரசியல் கைதிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒரு சாராருக்கு நல்ல உணவும் மறு சாராருக்கு மோசமான உணவும் தருவதை எதிர்த்து அங்கே உண்ணாநிலைப் போராட்டம் நடந்தது. பத்தாம் நாள் பார்வையிட வந்த சிறைத்துறை உயர் அதிகாரி, இந்த இளைஞர் படுத்தபடியே ஒரு ருஷ்ய நாவலைப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டு வியந்துபோனார் என்று சங்கரய்யா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் விடுதலையானபோது உலகம் மாறியிருந்தது. 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டின் மீது படையெடுத்ததும், அதுவரை ஏகாதிபத்தியப் போர் என்று கட்சி வர்ணித்து வந்தது மக்கள் யுத்தமாக மாறிவிட்டது. 1942 ஜூலையில் கட்சி மீதான தடை நீங்கியது. அடுத்த மாதம் காந்தி தொடங்கிய வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கட்சி சேரவில்லை. கம்யூனிஸ்ட்டுகள் மீது காங்கிரஸ்காரர்கள் இன்றும் சொல்லும் குற்றச்சாட்டு இது. பாசிசத்தை வீழ்த்துவதே முதல் கடமை என்ற கட்சியின் வாதத்தில் நியாயம் இருந்தது என்றாலும், சொந்த நாட்டு மக்கள் கொதித்தெழுந்த நேரத்தில் ஒதுங்கி நின்றதற்கான விலையை அது பல ஆண்டுகள் கொடுத்தது என்றே நான் கருதுகிறேன். சங்கரய்யா இந்த ஆண்டுகளில் மாணவர் அமைப்பையும் மதுரை மாவட்டக் கட்சியையும் கட்டி எழுப்பினார். மதுரை அன்று நூற்பாலைத் தொழிலாளர்களின் ஊர்.

போர் முடிந்ததும் வேலைநிறுத்தங்கள் பெருகின. கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தியை முதன்மைக் குற்றவாளியாகக் காட்டி மதுரைச் சதி வழக்கு தொடரப்பட்டது. சங்கரய்யாவும் அதில் சேர்க்கப்பட்டார். வழக்கு நிற்கவில்லை. 1947 ஆகஸ்ட் 14 அன்று, நாடு விடுதலை பெறுவதற்குச் சில மணி நேரம் முன்பாக, அவர்கள் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். அதே ஆண்டில் அவர் ஆசிரியையான நவமணியை மணந்தார். நவமணி கிறிஸ்துவக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

ஒரே காலம், இரண்டு நாடுகள்

1948-இல் கல்கத்தாவில் கூடிய கட்சியின் இரண்டாவது அகில இந்திய மாநாடு, வந்த விடுதலை போலியானது என்றும் நேரு அரசைப் புரட்சியால் தூக்கியெறிய வேண்டும் என்றும் முடிவெடுத்தது. அதுவரை பொதுச்செயலாளராக இருந்த பி.சி. ஜோஷி நீக்கப்பட்டு பி.டி. ரணதிவே அந்தப் பொறுப்புக்கு வந்தார். சென்னை மாகாணம் உட்படப் பல இடங்களில் கட்சி தடைசெய்யப்பட்டது. சங்கரய்யா தலைமறைவானார். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் உயிரிழந்தனர். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் விசாரணையின்றித் தம்மைக் காவலில் வைத்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றதும் அதே ஆண்டுதான். சென்னை அரசுக்கு எதிரான அந்த வழக்கில் அவர் தோற்றார். ஆனால் தனிமனித சுதந்திரம் பற்றிய விவாதத்தில் இந்திய நீதிமன்றங்கள் இன்றும் அந்தத் தீர்ப்புக்குத் திரும்பிச் சென்று பேச வேண்டியிருக்கிறது.

இதே மாதங்களில் நம் பக்கம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்த எஸ்.ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். அவசரநிலைச் சட்டத்தின்கீழ்த் துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு அவருக்காகக் கருணை கோரியும் பயனில்லை. அதே இந்திய அரசு தன் நாட்டுக் கம்யூனிஸ்ட்டுகளைச் சிறையில் அடைத்துக்கொண்டிருந்தது என்பது வரலாற்றின் விசித்திரம்.

இதுவரை இரு நாட்டுக் கதைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே செல்கின்றன. பிரிவது 1951-இல். ஆயுதப் போராட்டம் மக்களிடமிருந்து தம்மைத் துண்டித்துவிட்டது என்று இந்தியக் கட்சி உணர்ந்தது. தெலங்கானாவில் 1946 முதல் நடந்துவந்த விவசாயிகளின் ஆயுதப் போராட்டத்தை அந்த ஆண்டு அக்டோபரில் விலக்கிக்கொண்டது. புதிய திட்டம் ஒன்றை வகுத்துப் பொதுத்தேர்தலில் போட்டியிடத் தீர்மானித்தது. அரசின் பங்கும் இதில் உண்டு. வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை என்ற அரசமைப்பு நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தது. தடை நீங்கியதும் போட்டியிட ஒரு களம் திறந்திருந்தது. 1948-இன் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அப்படி ஒரு களம் இல்லை. அந்த ஆண்டு மார்ச் மாதம் சிங்கப்பூரில் நடந்த முதல் தேர்தலில் ஆறு இடங்களுக்கே வாக்கெடுப்பு நடந்தது. அதிலும் பிரிட்டிஷ் குடிமக்களே வாக்களிக்க முடிந்தது. ஒரு கட்சி காட்டுக்குப் போவதா சட்டமன்றத்துக்குப் போவதா என்பதை அதன் கொள்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. இரு நாடுகளும் இரு வழியே சென்றதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இதை விட்டுவிட்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

தேர்தல் முடிவு எல்லாரையும் அதிரவைத்தது. 1952-இல் 375 இடங்கள் கொண்ட சென்னை சட்டமன்றத்தில் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது; கம்யூனிஸ்ட்டுகள் 62 இடங்களில் வென்றனர். பி. ராமமூர்த்தி சிறைக்குள் இருந்தபடியே மதுரை வடக்கில் வென்றார். ப. ஜீவானந்தம் வண்ணாரப்பேட்டையில் வென்றார். காங்கிரஸ் ராஜாஜியை அழைத்து முதலமைச்சராக்கியது; கம்யூனிஸ்ட்டுகளே தம் முதல் எதிரி என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். மக்களவையில் 16 இடங்களுடன் கம்யூனிஸ்ட் கட்சி மிகப் பெரிய எதிர்க்கட்சியாயிற்று.

சட்டமன்றத்துக்குப் போவதன் நோக்கம்

1957-இல் கேரளத்தில் ஆட்சியே கைக்கு வந்தது. நிலச் சீர்திருத்தம், கல்விச் சட்டம் என்று ஈ.எம்.எஸ். அரசு வேகமாகச் செயல்பட்டது; எதிர்ப்பும் அதே வேகத்தில் கிளம்பியது. 1959 ஜூலை 31 அன்று அரசமைப்பின் 356-ஆவது பிரிவைப் பயன்படுத்தி மத்திய அரசு அதைக் கலைத்தது. இந்த அனுபவம் கம்யூனிஸ்ட்டுகளுக்கு இரண்டு பாடங்களைத் தந்தது. தேர்தல் வழியாக ஆட்சிக்கு வந்து மக்களுக்குச் சிலவற்றைச் செய்ய முடியும். ஆனால் மாநில ஆட்சி என்பது முழு அதிகாரம் அன்று.

இதிலிருந்து உருவான கொள்கையை மார்க்சிஸ்ட் கட்சி 1964-இல் தன் திட்டத்திலேயே எழுதி வைத்தது. மாநில அரசுகளில் பங்கேற்கலாம். அவற்றைக் கொண்டு அமைப்பை மாற்றிவிட முடியாது. மக்களுக்கு உடனடி நிவாரணம் தரலாம். அந்த நிவாரணம் மக்கள் இயக்கங்களை வலுப்படுத்த வேண்டும். ஆக, சட்டமன்றம் அவர்களுக்கு ஒரு களம். வெளியே நடக்கும் போராட்டத்தை உள்ளே பேசவும், உள்ளே கிடைக்கும் சிறு வெற்றியை வெளியே கொண்டுபோகவும் உதவும் களம். இதைப் போலித்தனம் என்பவர்கள் உண்டு. நாடாளுமன்றச் சேற்றில் விழுந்துவிட்டார்கள் என்று இடப்பக்கத்திலிருந்து ஏசுபவர்களும் உண்டு. எழுபது ஆண்டுகளாக விதிகளை மதித்துத் தோல்விகளை ஏற்று ஆட்சியை விட்டு இறங்கியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், முதல் குற்றச்சாட்டை விட இரண்டாவதற்கே வலு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேற்கு வங்கத்தில் 34 ஆண்டுகள் ஆண்ட இடதுசாரி முன்னணி 2011-இல் தோற்றபோது அமைதியாகத்தான் வெளியேறியது.

பிளவைப் பற்றிப் புதியவர்கள் குழம்புவது வழக்கம். 1962-இல் இந்திய சீனப் போர் வெடித்தபோது கட்சிக்குள் ஏற்கெனவே இருந்த விரிசல் அகன்றது. சோவியத் யூனியனும் சீனாவும் மோதிக்கொண்டிருந்தது ஒரு காரணம்; அதைவிட முக்கியமானது காங்கிரஸை எப்படி மதிப்பிடுவது என்பது. நேருவின் காங்கிரஸில் முற்போக்குப் பகுதி இருக்கிறது, அதனுடன் சேர்ந்து நடக்கலாம் என்றது ஒரு தரப்பு. காங்கிரஸ் பெருமுதலாளிகளும் நிலவுடைமையாளர்களும் நடத்தும் ஆட்சி, அதை எதிர்த்தே நிற்க வேண்டும் என்றது மறு தரப்பு. 1964 ஏப்ரல் 11 அன்று டில்லியில் நடந்த தேசியக் குழுக் கூட்டத்திலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். சங்கரய்யா அவர்களுள் ஒருவர், பி. ராமமூர்த்தியும் அவர்களுள் இருந்தார். அந்த ஆண்டு இறுதியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது. 1967-இல் மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின், தேர்தலே வேண்டாம் என்றவர்கள் மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்தும் பிரிந்து 1969-இல் தனிக்கட்சி கண்டார்கள். ஆகவே இந்தியச் செய்திகளில் கதிர் அரிவாள் சின்னத்தைப் பார்த்தால் அது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. அரிவாள் சுத்தியல் நட்சத்திரம் என்றால் மார்க்சிஸ்ட் கட்சி. காட்டில் துப்பாக்கிச் சண்டை என்ற செய்தி வந்தால் அது நக்சல்பாரி வழிவந்த, தடைசெய்யப்பட்ட மாவோயிஸ்ட் கட்சியைப் பற்றியது. மூன்றையும் ஒன்றாகக் கருதுவதே இங்கு நாம் அடிக்கடி செய்யும் தவறு.

1967-இல் மதுரை மேற்குத் தொகுதியிலிருந்தும், 1977, 1980 தேர்தல்களில் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்தும் சங்கரய்யா தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் வெற்றி தி.மு.க.வுடனான கூட்டணியில் கிடைத்தது. அடுத்த இரண்டும் எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வுடனான கூட்டணியில் கிடைத்தவை. அவருடைய முதல் பதவிக் காலத்தில்தான், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்திருந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். முதன்மைக் குற்றவாளியான நிலக்கிழாரை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. நம்மில் பலருடைய முன்னோர் புறப்பட்டு வந்த அதே தஞ்சைச் சீமையில், சட்டமன்றத்தில் கம்யூனிஸ்ட்டுகள் அமர்ந்திருந்த ஒரு காலத்தில், இது நடந்தது. சட்டமன்றம் ஒரு களம் மட்டுமே என்று அவர்கள் சொல்வதன் பொருள், திட்டத்தின் வாசகங்களை விட இந்த நிகழ்ச்சியில் தெளிவாகத் தெரியும்.

எஞ்சிய அறுபது ஆண்டுகள்

இனி அந்த அறுபது ஆண்டுகளுக்கு வருவோம். கட்சியில் முழுநேர ஊழியர் என்று ஒரு நிலை உண்டு. வேறு வேலை பார்க்காமல், கட்சி தரும் சிறு தொகையில் வாழ்ந்து, கட்சி சொல்லும் இடத்தில் கட்சி சொல்லும் வேலையைச் செய்பவர் அவர். சட்டமன்ற உறுப்பினரானாலும் நிலை மாறாது. ஊதியத்தைக் கட்சியிடம் ஒப்படைத்துவிட்டு, கட்சி தருவதைப் பெற்றுக்கொள்வதே வழக்கம். சங்கரய்யா தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இப்படித்தான் கழித்தார். விவசாயிகள் சங்கத்தின் தலைமைப் பொறுப்புகளில் இருந்தார். கட்சியின் ஏடான தீக்கதிரின் ஆசிரியராக இருந்தார். மாவட்டம் மாவட்டமாகச் சென்று கிளைக் கூட்டங்களில் பேசினார். உரத்த குரலில், எந்தக் குறிப்பும் இல்லாமல், நீண்ட நேரம் பேசக்கூடியவர் என்று அவரைக் கேட்டவர்கள் சொல்வார்கள். 1995 முதல் 2002 வரை கட்சியின் மாநிலச் செயலாளர்.

கட்சிக்கும் சங்கங்களுக்கும் உள்ள உறவு சிங்கப்பூர் வாசகருக்கு ஓரளவு எளிதாகவே விளங்கும். மக்கள் செயல் கட்சியும் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸும் தனித்தனி அமைப்புகள், ஆனாலும் ஒன்றின் தலைவர்கள் மற்றதிலும் இருப்பார்கள் என்பது நமக்குப் பழக்கமான ஏற்பாடு. அங்கும் அமைப்பு அப்படித்தான், திசைதான் நேரெதிர். 1970-இல் தொடங்கப்பட்ட சி.ஐ.டி.யு. தொழிற்சங்கம், விவசாயிகள் சங்கம், மாதர் சங்கம், மாணவர் சங்கம், வாலிபர் சங்கம் ஆகியவற்றில் கட்சி உறுப்பினர் அல்லாதவர்களே பெரும்பான்மையினர். கூலிக்காகவோ குடிநீருக்காகவோ குடிமனைப் பட்டாவுக்காகவோ சேர்பவர்கள் அவர்கள். அவர்களை ஒன்று திரட்டுவதும் அவர்களுக்குள்ளிருந்து கட்சிக்கு ஆள் தேடுவதும் முழுநேர ஊழியரின் அன்றாடப் பணி. தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்து போகும். இந்த வேலைக்கு விடுமுறை கிடையாது.

இன்னொரு கருத்தையும் அறிய வேண்டும்: ஜனநாயக மத்தியத்துவம். முடிவெடுக்கும்வரை எந்தக் கருத்தையும் கமிட்டிக்குள் வாதிடலாம். முடிவான பிறகு சிறுபான்மை பெரும்பான்மைக்கும் கீழ்க்கமிட்டி மேற்கமிட்டிக்கும் கட்டுப்பட வேண்டும். 1996-இல் ஐக்கிய முன்னணிக் கட்சிகள் ஜோதி பாசுவைப் பிரதமராகும்படி அழைத்தன. பெரும்பான்மை இல்லாத கூட்டணி அரசில் சேரக் கூடாது என்று கட்சியின் மத்தியக் குழு முடிவெடுத்தது. பாசு பணிந்தார், தேவகௌடா பிரதமரானார். அந்த முடிவை வரலாற்றுப் பிழை என்று பாசு பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் கட்சியை விட்டுப் போகவில்லை. வேறெந்த இந்தியக் கட்சியிலும் ஒருவருக்குப் பிரதமர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் வந்து, ஒரு குழுவின் வாக்கெடுப்பால் திரும்பிப் போயிருக்குமா என்பது ஐயமே. இந்தக் கட்டுப்பாடே அவர்களுடைய வலிமை. மாற்றுக் கருத்துகள் வெளியே தெரியாமல் அமுங்கிப் போவதும், தவறான பாதை திருத்தப்படத் தாமதமாவதும் இதன் மறுபக்கம். 1948-இன் முடிவைக் கைவிட மூன்று ஆண்டுகள் ஆனதை நினைத்துப் பார்க்கலாம்.

சங்கரய்யாவின் சொந்த வாழ்வில் கொள்கைக்கும் நடப்புக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை. தம் திருமணத்தில் தொடங்கிய சாதி, மத மறுப்புத் திருமணங்கள் அவருடைய குடும்பத்தில் அடுத்தடுத்த தலைமுறைகளிலும் தொடர்ந்தன. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத்தை அவர் பெறவில்லை. 2021-இல் தமிழ்நாட்டு அரசு தகைசால் தமிழர் விருதை ஏற்படுத்தி முதலாவதாக அவருக்கே வழங்கியபோது, அதனுடன் வந்த 10 லட்சம் ரூபாயையும் கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சரின் நிதிக்குக் கொடுத்துவிட்டார். 1941-இல் தவறவிட்ட பட்டத்துக்கு ஈடாக என்று சொல்லத்தக்க வகையில், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்க முன்வந்தது. பல்கலைக்கழக வேந்தரான ஆளுநர் ஆர்.என். ரவி அதற்கு ஒப்புதல் தரவில்லை. 2023 நவம்பர் தொடக்கத்தில் நடந்த பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் புறக்கணித்தார். அந்த மாதமே சங்கரய்யா மறைந்தார்.

கடைசியாக ஒரு கேள்வி நியாயமாக எழும். 1952-இல் இத்தனை வலுவாக இருந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏன் கேரளத்தைப்போல் ஆட்சிக்கு வரவில்லை? மாநில எல்லைகள் மாறியது ஒரு காரணம். அந்த 62 பேரில் பெரும்பகுதியினர் ஆந்திரப் பகுதியிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள். 1953-இல் ஆந்திரமும் 1956-இல் கேரளமும் பிரிந்தபோது அவர்களும் பிரிந்து போனார்கள். ஆனால் முக்கியமான காரணம் திராவிட இயக்கம் என்றே நான் கருதுகிறேன். பிற்படுத்தப்பட்டோரின் ஏக்கத்தையும் ஏழையின் கோபத்தையும் மொழிப் பற்றையும் ஒரே மேடையில் அது பேசியது. வர்க்கம் என்ற சொல்லால் கம்யூனிஸ்ட்டுகள் எட்ட முயன்ற அதே மக்களை அது சாதி இழிவு, தமிழ் என்ற சொற்களால் முந்திச் சென்று எட்டிவிட்டது. சாதியைத் தனிக் களமாக எடுத்துக்கொண்டு போராடத் தமிழ்நாட்டு மார்க்சிஸ்ட் கட்சி தாமதித்தது. தீண்டாமை ஒழிப்புக்கென்று ஒரு முன்னணியை அது 2007-இல்தான் உருவாக்கியது. அடுத்த ஆண்டு மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த இடைக்காலத்தில் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் மாறி மாறித் திராவிடக் கட்சிகளின் கூட்டணியில் சில இடங்கள் பெறும் நிலைக்கு வந்துவிட்டன. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அணியில் ஆளுக்கு இரண்டு இடங்கள்; 2024 மக்களவைத் தேர்தலிலும் ஆளுக்கு இரண்டு. 2019 தேர்தல் செலவுக்காக இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி ரூபாயும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி ரூபாயும் தந்ததாகத் தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் காட்டிய கணக்கு வெளியானபோது, உண்டியல் ஏந்தி நிதி திரட்டும் கட்சிகள் என்று அவற்றை மதித்து வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கட்சிகள் அது கூட்டணியின் தேர்தல் செலவு என்றும் முறையாகக் கணக்கில் காட்டப்பட்டது என்றும் விளக்கம் தந்தன. 2024-இல் மார்க்சிஸ்ட் கட்சி வென்ற இரண்டு மக்களவைத் தொகுதிகளில் ஒன்று மதுரை. மார்க்சிஸ்ட் கட்சி தன் 24-ஆவது அகில இந்திய மாநாட்டை 2025 ஏப்ரலில் கூட்டியதும் அங்கேதான். 1964-இல் வெளியேறிய 32 பேரில் அப்போது உயிருடன் எஞ்சியிருந்தவர் கேரளத்தின் வி.எஸ். அச்சுதானந்தன் ஒருவரே, அவரும் அந்த ஆண்டு ஜூலையில் காலமானார்.